கொஞ்ச நாள்

சுங்காய் கிளினிக்கில் எண் நாற்பத்தேழு.
கொழுந்தன் குணசீலன்
எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி
நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.
அவர் மனைவி ஜொகூரில், மகள் பிரசவத்துக்கு.
கூட வரச்சொல்லிக் கூப்பிட்டது அவள்தான்,
அவர் அல்ல.

சந்தை மலாய் அவருக்கும் வரும்.
வெள்ளைக் கோட்டைக் கண்டால் எதுவும் வராது.
என் மலாய் செம்பனை ஆலையில் எடைச்சீட்டு எழுதிப் பழகியது:
குலை எத்தனை டன், லோரி எண் என்ன,
தண்ணீர் தெளித்துக் கனமாக்கினாயா, கையெழுத்துப் போடு.
நெஞ்சுக்கு அதில் சொல் குறைவு.

ரத்தம் எடுக்க வந்த தாதி நோர்ஹயாத்தி
"தாப்பா, தாப்பா" என்று தட்டிக்கொடுத்தாள்,
ஒண்ணுமில்லை, பயப்படாதே என்று.
"தா அப்பாங்குது, தர்றேன்" என்று
கையை நீட்டினார் மனிதர்.
எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.
எட்டு மாதமாய்ப் பேச்சு இல்லை எங்களுக்குள்.

கருமாதி முடிந்து பந்தல் பிரித்தபோது
லோரிக் கடனைப் பற்றிக் கேட்டேன்.
"பாத்துக்கலாம் அண்ணி" என்றார்.
கைகழுவும் ஓசை கேட்டது எனக்கு.
அந்த ஓசையோடே
எட்டு மாதம் சமைத்தேன், தூங்கினேன்.

டாக்டர் யோங் கேட்டாள்: வலி எவ்வளவு நாளாக?
அவர் தரையைப் பார்த்து நிறையச் சொன்னார்.
கொஞ்ச நாளாச்சு. ராத்திரியில வரும்.
லோரி ஓடுறப்பத் தெரியாது,
நிறுத்தினாத் தெரியும். பரவால்ல.

நான் சொன்னேன்: "இரண்டு வாரமாம்."

பேனாவைக் கீழே வைத்தாள் அந்தச் சின்னப் பெண்.
"அவர் இவ்வளவு பேசினார்.
நீங்கள் சொன்னது இத்துணூண்டு.
மீதி எங்கே?"

மீதி என்னிடம் இருந்தது.
எப்போதும் என்னிடம்தான் இருந்திருக்கிறது,
பிறர் சொன்னதில் எனக்கு வேண்டாதது எல்லாம்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்:
"கொஞ்ச நாள்னா?"

மின்விசிறி இரண்டு மூன்று சுற்று சுற்றியது.
"அண்ணன் போன மாசத்துலேருந்து."

மலாயில் அதைச் சொல்ல
வாயைத் திறந்து, மூடி, திறந்தேன்.
என் புருஷன் செத்த தேதியை
எவருடைய வலிக்கும் ஆரம்பமாக
நான் எண்ணிப் பார்த்ததே இல்லை,
என்னுடையதைத் தவிர.
டாக்டர் எழுதிக்கொண்டாள்: எட்டு மாதம்.
கொஞ்சம் பொறுத்து
வேறு எதையோ பக்கத்தில் எழுதினாள்.

இதயத்தில் கோளாறு தெரியவில்லை என்றது தாள்.
அடுத்த மாதம் மறுபடி வரவேண்டும்.
அந்தப் "பாத்துக்கலாம்" என்ன அர்த்தம் என்று
இன்னும் கேட்கவில்லை. கேட்கணும்.

வெளியே ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தோம்.
பையன் வழக்கம்போல என்னைப் பார்த்தான்.
"எனக்குத் தெரியாது தம்பி, அவரையே கேளு."
சர்க்கரை டப்பாவை நகர்த்தினார்,
சாலையில் குலை ஏற்றிய லோரி ஒன்றைக்
கண் மறையும்வரை பார்த்தார்.
நான் அவசரப்படுத்தவில்லை.
கை மட்டும் மேசைக்கடியில் பரபரத்தது.

"மைலோ" என்றார்.

பதினெட்டு வருஷம் என் வீட்டில்
தேத்தண்ணி குடித்த மனிதர்.