சூட்டில் மட்டும்

காலையில் பிரச்சினை இல்லை.
அதுதான் பிரச்சினை.
மன்னார்குடியில் ஆறு மணிக்குச் சாவியைத் திருகினால்
அரைச் சுற்றில் எழுந்துவிடும்
இரண்டாயிரத்து மூன்று மாடல் சான்ட்ரோ,
எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டி அலுத்தது.
பதினொரு மணிக்கு ஏதோ ஒரு மதகடியில் நிறுத்தி
அளவுகோல் படித்து, நோட்டில் எழுதி,
திரும்பி வந்து திருகினால்
கர்ர் கர்ர் கர்ர் என்று சுற்றும். அவ்வளவுதான்.
நாற்பது நிமிடம் புங்கமர நிழலில் விட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

பேட்டரி என்றார் பெட்ரோல் பங்க்கில் ஒருவர்.
இப்படிச் சுற்றுகிற எஞ்சினுக்கா?
ஆனாலும் முனையில் பூத்திருந்த பச்சை உப்பை
வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.
பிளக் என்றார் இன்னொருவர். நான்கையும் மாற்றினேன்.
பழைய நான்கும் பிஸ்கட் நிறத்தில் நன்றாகவே இருந்தன.
எறிய மனம் வராமல்
ஆபீஸ் டிராயரில் கிடக்கின்றன, குண்டூசிகளோடு.

கூத்தாநல்லூர் ஜபருல்லா மட்டும்
எதையும் மாற்றச் சொல்லவில்லை.
போனில் சொன்னான்:
"மேடம், சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க. ஸ்டார்ட் வேணாம்.
பின் சீட்டுல காதை வைங்க."
வடுவூர் சாலையில்,
நாற்றுக்கட்டோடு போன டிராக்டர் முழுக்கத் திரும்பிப் பார்க்க,
பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர்
காலி சீட்டிடம் ரகசியம் கேட்டேன்.
ஊம்ம். இரண்டு நொடி. நின்றது.
"பம்ப் பேசுது. அப்ப தலைப்புல தண்ணி இருக்கு.
கடைமடைக்குப் போவுதான்னு பாக்கணும்."

எனக்காகத்தான் அப்படிச் சொன்னான்.
என் வேலையே அதுதான்:
மேட்டூர் திறந்து பன்னிரண்டாம் நாள்
மூணாறு தலைப்பில் இத்தனை கன அடி,
கோரையாற்றில் இத்தனை,
முத்துப்பேட்டைப் பக்கத்து வாய்க்காலில் சைபர்.
நடுவில் எங்கே போனது என்று
ஒவ்வொரு ஷட்டராகக் கேட்டுக்கொண்டே போவது.

அதேபோல் போனோம்.
ஃபில்டர் மாற்றியாயிற்று.
பிரஷர் மூன்று பார், ஏறி நிற்கிறது, இறங்கவில்லை.
பம்ப் ரிலேவை ஹாரன் ரிலேயோடு இடம் மாற்றினோம்:
ஹாரன் அடித்தது. வண்டி எழவில்லை.
வியாழக்கிழமை உச்சி வெயிலில், கோரையாற்றுக் கரையில்
மறுபடி படுத்துக்கொண்டது.
"சுத்தும்போது ஆர்.பி.எம். முள் அசையுதா?"
மூன்று வாரமாக
அந்த முள்ளை நான் பார்க்கவே இல்லை.
பூஜ்யத்தில் கிடந்தது,
அறுந்து துடித்து ஓய்ந்த பல்லிவால்.

"எஞ்சின் சுத்துறது எஞ்சினுக்கே தெரியலை மேடம்.
கிராங்க் சென்சார். சூட்டுல உள்ள கம்பி விட்டுடும்,
ஆறினா ஒட்டிக்கும். தண்ணி இருக்கா?"

தண்ணி இருக்கா.
கோரையாறு நிறைய,
காபி நிறத்தில் புதுத்தண்ணி
ஆகாயத்தாமரையை இடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று.
லஸ்கர் செல்லப்பாண்டி
டீ வாங்கப் போகிற தூக்கில் மொண்டுவந்தார்.
கியர்பாக்ஸ் ஓரத்தில், கட்டைவிரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக்.
ஊற்றினோம். சுர்ர் என்றது. இன்னொரு தூக்கு.
திருகினேன்.
முள் துள்ளியது. அதன் பிறகுதான் சத்தம் கேட்டது.

புது சென்சார் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும்.
நாளைக்கு வந்துடும் என்கிறார்கள்,
விவசாயிகளிடம் நான் சொல்கிற அதே குரலில்.
அதுவரை முன் சீட்டுக்கு அடியில்
இரண்டு லிட்டர் பாட்டில் உருள்கிறது.

நேற்று தில்லைவிளாகம் பக்கம்,
வெடித்துக் கிடந்த வாய்க்கால் ஓரம்
பானட்டைத் திறந்து ஊற்றிவிட்டுத் திருகினேன். எழுந்தது.
புழுதி விதைத்துவிட்டு வானம் பார்க்கிற மூன்று பேர்
வரப்பில் நின்றிருந்தார்கள்.
ஒருவர் கேட்டார், கோபமாகக்கூட இல்லை:
"வண்டிக்கு மட்டும் முறை விட்டாச்சு போல?"

பாட்டிலில் கால்வாசி மிச்சம்.
மூடியைத் திருகி மூடினேன்.
அணைத்தால் மறுபடி எழுமோ என்னவோ,
ஓடவிட்டபடியே இறங்கிப் போய்
அவர்கள் மதகின் அளவுகோலைப் படித்தேன்.
அடி முதல் நுனி வரை
எல்லா எண்களும் தெளிவாகத் தெரிந்தன.