எஞ்சின் சாவி

உப்புவெளியில் அந்தப் பிள்ளையை அலை இழுத்தபோது
நான் லைஃப் ஜாக்கெட்டின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
நீ ஏற்கெனவே கடலுக்குள்.
பாய்ந்ததை ஒருவரும் காணவில்லை, நிதர்சன்,
சத்தம்தான் கேட்டது.

பிள்ளையைத் தோளில் போட்டு நீ கரையேற
சனம் கைதட்டியது.
நங்கூரம் போடாத எங்கள் படகு
பதினொரு பேரோடு
புறாமலைப் பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.
சாவி உன் காற்சட்டைப் பைக்குள்.

துடுப்புப் போட்டே வந்து சேர்ந்தேன்.
ஒருத்தி வாந்தி எடுத்தாள்.
ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார்.
நீ தலைமயிர் சொட்டச் சொட்டச் சிரித்தாய்:
"பார்த்தியே, பிள்ளை தப்பிட்டுது!"

பஸ் நிலையத்து மான்கள்கூட
ஒருதரம் தலையைத் திருப்பிப் பார்த்துத்தான்
வீதியைக் கடக்கின்றன.
நீ போன மாசியில் ஏலத்தில் கை தூக்கினாய்.
வீட்டுக்கு இரண்டாவது எஞ்சின் வந்தது,
என் காப்பு அடகுக்குப் போனது.
கச்சான் காற்றில் பழையது செத்துக் கிடக்க
அந்த எஞ்சின்தான் சோறு போட்டது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரவு முழுக்க உன்னை ஏசுவதற்குச் சொற்களை அடுக்கினேன்.
இடையில் ஒரு கணக்கு வந்து குறுக்கே நின்றது:
ஆழம், நீரோட்டம், பயணிகள், சாவி
எல்லாம் நான் யோசித்து முடிய
அந்தப் பிள்ளைக்கு
நாலு வயதோடு வயது நின்றிருக்கும்.

விடிய எழும்பி
சாவியை நைலோன் கயிற்றில் கட்டி
படகுப் பலகையில் ஆணி அடித்தேன்.
நங்கூரத்தை உன் கால்மாட்டுக்கு மாற்றினேன்,
தடக்கி விழுந்தாலாவது ஞாபகம் வரட்டும்.

இனிப் பாய்.
உன் முதுகுக்குப் பின்னால் நடப்பது
உனக்குத் தெரியப்போவதில்லை.
அங்கே நான் நிற்கிறேன்,
கோபத்தோடுதான்.

காப்பு இன்னும் அடகில்.