மூன்றாவது பைட்

முர்சகான் மேலே, பனியாற்றின் விளிம்பில்.
நான் கீழே, திபிலீசியில், நான்காவது மாடியில்,
ஹீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
நடுவே ஒரு செயற்கைக்கோள்.
ஒரு நடைக்கு முந்நூற்று நாற்பது பைட் சுமக்கும்,
அதற்குமேல் ஒரு குன்றிமணி ஏற்றாது.

ரோமன் எழுத்துக்கு ஒரு பைட்.
எங்கள் எழுத்துக்கு மூன்று.
வரிசையில் பிந்திப் போய் நின்றோம், அவ்வளவுதான்.
இடைவெளிக்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்று:
பேசாமலிருக்க எந்த மொழியிலும் ஒரே விலை.

அதனால் அவர் எங்கள் ஜார்ஜிய மொழியை
ரோமன் எழுத்தில் தட்டி அனுப்புவார்.
தோவ்லி என்றால் பனி.
சொந்தச் சட்டையில் பதினைந்து பைட்,
இரவல் சட்டையில் ஐந்து.
ஏழு வருடம் இரவல் சட்டையிலேயே
மலையிறங்கி வந்தது பனி.

வேலையில்லாத மதியங்களில் கணக்குப் போடுவேன்.
மூன்று தடவை அவர் பேசினால் ஒரு கிலோபைட்.
காலையும் மாலையுமாய் நான்கு வருடம் பேசினால்
ஒரு மெகாபைட்.
ஒரு கிகாபைட் நிரம்ப நாலாயிரம் வருடம்.
அதுவரை பனியாறு இருக்காது.
என் மேசை இழுப்பறையில், குண்டூசிகளோடு,
அறுபத்துநான்கு கிகாபைட் பென்டிரைவ் ஒன்று
காலியாகக் கிடக்கிறது.
இரண்டரை லட்சம் வருடம், சுண்டுவிரல் அளவில்.

ஒருமுறை மெஸ்தியாவுக்கு இறங்கி வந்தபோது
கைபேசியில் தன் நாயின் படம் அனுப்பினார்.
தெத்ரா, நாக்கு தொங்க, கொஞ்சம் மங்கலாக.
ஐந்து மெகாபைட்.
அவர் வார்த்தையில் இருபது வருடம்.

பிப்ரவரி ஒன்பது, காலை:
'காரி இனி இல்லை.'
எங்கள் மொழியில் காரி என்றால் காற்று.
காரி என்றால் கதவும்.
தொண்டைக்குள் ஒரு சின்ன அடைப்பு, அதுதான் வித்தியாசம்.
காகிதத்தில் அதற்குத் தனி எழுத்து உண்டு;
இரவல் சட்டையில் அதற்குப் பொத்தான் கிடையாது.
வானிலை நிலையத்திலிருந்து வருகிற காரி
காற்றாகத்தானே இருக்கும்?
காற்று: பூஜ்யம் என்று பதிந்தேன்.
'பதிந்தாயிற்று, காற்று பூஜ்யம்' என்று பதிலும் போட்டேன்.
தேநீர் வைக்கப் போனேன்.

மாலையில் வந்தது, முதல்முறையாக
எங்கள் சொந்த எழுத்தில்.
புள்ளி வைக்கவில்லை; புள்ளிக்கும் ஒரு பைட்.

லாமாரா காற்று அல்ல கதவு
கதவைப் பிய்த்துக்கொண்டு போனது காற்றுதான்
கம்பளி கட்டியிருக்கிறேன் நாய் உள்ளே
கருவி சரி கை சரி
இப்போது எனக்கு

அதன் பிறகு ஒரு கறுப்புச் சாய்சதுரம்,
நடுவில் வெள்ளைக் கேள்விக்குறி.

எண்ணிப் பார்த்தேன்.
நூற்றாறு எழுத்து. இருபது இடைவெளி.
மிச்சம் இரண்டு பைட்.
நூற்றேழாவது எழுத்து
மூன்றில் இரண்டு பங்கோடு வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் முப்பத்துமூன்று எழுத்துக்கும்
முதல் இரண்டு பைட் ஒன்றேதான்.
அவை சொல்வது: இது நம் எழுத்து.
எது என்று சொல்வது மூன்றாவது.
எனக்குக் குளிர்கிறதா, எனக்குப் பயமா,
எனக்கு ஆணி வேண்டுமா
எல்லாம் அந்த ஒரு பைட்டில்.
அது மேலே நின்றுவிட்டது,
கதவில்லாத வாசலில்.

பூஜ்யத்தை அடித்தேன்.
முப்பத்தொன்று என்று எழுதினேன், பிறகு அதையும் அடித்தேன்;
எனக்கு எப்படித் தெரியும்?
மீட்புக் குழுவைக் கூப்பிட்டேன். விடிந்தால் பார்ப்போம் என்றார்கள்.

முந்நூற்று நாற்பது பைட் எனக்கும் உண்டு.
இரண்டே எழுத்து அனுப்பினேன், முழு விலை கொடுத்து:
ஆறு பைட்.
சொல்லு, என்று.