சாப்பாட்டு மணி

சவுத்லாந்தில் ஜூலை என்றால் குளிர்காலம்.
தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு
வேலிக்கம்பி வெளுத்திருந்தது.
சைலேஜ் உருளையை முன்னால் குத்தி ஏந்திக்கொண்டு
புது டிராக்டரில் கேட்டைத் தாண்டினேன்.

நூற்று முப்பத்தெட்டு மாடுகள்.
ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

பழைய வண்டியாக இருந்தால்
கொட்டகையில் சாவியைத் திருகும்போதே
மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்திருக்கும்.
இருமும், கரும்புகை துப்பும், அடங்கும், மறுபடி இருமும்.
இருபத்திரண்டு வருடம் அதுதான் சாப்பாட்டு மணி.
போன மாதம் வின்டனில் ஒருவருக்கு விற்றோம்.
ஏற்றிப் போன லாரியோடு
வேலி ஓரமாக 61ஆம் நம்பர் மட்டும்
கடைசிக் கம்பம்வரை நடந்தது.

புதிதுக்கு வாயே கிடையாது.
டயருக்கடியில் உறைபுல் நொறுங்குவது கேட்கிறது.

நாங்கள் குளிரிலும் கறக்கிறவர்கள்.
லைன் கம்பெனிக்காரன் கம்பத்தை அண்ணாந்து பார்த்து,
"பால் மெஷினா, வண்டியா?
ஒரு நேரத்தில் ஒன்றுதான் தாங்கும்" என்றான்.
ஆகவே ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வண்டிக்குத் தீனி.
மாடுகள் அசைபோடுகையில்
அதுவும் கொட்டகையில் அசைபோடுகிறது,
மலைக்கப்பால் ஏரித்தண்ணீர் விழுந்து வரும் கரண்டை,
ஒரு சின்னப் பச்சை விளக்கோடு.

பாலின் சூட்டை உருவி
கழுவுகிற தண்ணீருக்குக் கொடுக்கும் பெட்டியும் வந்திருக்கிறது.
ஹேமிக்கு அதன்மேல்தான் உயிர்.
வருகிறவர்களின் கையைப் பிடித்துக் குழாயில் வைத்து
"மாட்டுச் சூடு" என்கிறான்.
கடன் எத்தனை வருடம் என்று சொல்வதில்லை.

டீசல் டாங்கி இருந்த இடத்தில்
வட்டமாகப் புல் இல்லை.
இரண்டு முறை விதைத்தாயிற்று.

அது கிடக்கட்டும், மாடுகள் பசியோடு நிற்கின்றன.
இத்தனை வருடத்தில் நான் அவற்றைக் கூப்பிட்டதே இல்லை.
எஞ்சின் கூப்பிட்டது, நான் மேலே உட்கார்ந்திருந்தேன்.
"வா" என்றேன். மூடுபனி விழுங்கிவிட்டது.
விசிலடித்தேன். நாய் வந்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து
அடித்தொண்டையிலிருந்து
டுர்... டுட்டுட்டு... டுர்ர்ர்... என்றேன்.
இருமலும் போட்டேன்,
இரண்டாவது இருமல் கொஞ்சம் நீளமாக.
அது அப்படித்தான் செய்யும்.

மேட்டில் 61 திரும்பியது.
மற்றவை அதைப் பார்த்தன.

எப்போது வந்தானோ,
பக்கத்துப் பண்ணை அலஸ்டர்
கேட்டின்மேல் முழங்கையை ஊன்றி நின்றிருந்தான்.
"கிளட்ச் கொஞ்சம் பார்க்கணும் போல, ரோனா."