மாட்டு வலை

நாகு ஒன்றை வாடகைக்குப் பேசி
வலைக்கூடாரத்துக்குள் கட்டியிருக்கிறேன்.
ஓரிரவுக்கு எழுநூறு ரூபாய், வைக்கோல் என் செலவு.
அடிவிளிம்பை ஒரு முழம் தூக்கி விட்டால் போதும்,
வவுனிக்குளத்து மூன்றாம் வாய்க்கால் நுளம்பெல்லாம்
கூப்பிடாமலே வரும்.
குடித்த பின் மேலே பறக்கத்தான் தெரியும் அவற்றுக்கு.
வந்த வழி தெரியாது.

விடியப்புறம் நாலரைக்கு
டோர்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு
கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சுவேன்.
குழாய்க்கும் என் தொண்டைக்கும் நடுவில்
ஒரு துண்டு வலைத்துணி.
அது கிழிந்தால் என்ன செய்வீர் என்றார் பிலேந்திரன்.
விழுங்குவேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் பதினொரு பன்றி.
மார்கழியில் இரண்டு ஈன்றன,
கறுத்து வற்றிய குட்டிகள், ஒன்றும் மூச்சுவிடவில்லை.
பாலை மரத்தடியில் தாட்டுவிட்டு
ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தார்.
தாய்ப்பன்றி மறுநாளே தவிடு தின்றது,
காய்ச்சல் இல்லை, தள்ளாட்டம் இல்லை.
அதன் இரத்தத்தில் மட்டும் நாலைந்து நாள்
ஒரு திருவிழா நடந்து முடிந்திருந்தது.

அந்த முறை மழை நல்ல மழை.
குளம் வான் பாய்ந்தது,
வயலில் முழங்கால் தண்ணீர் வாரக்கணக்காய் நின்றது,
கொக்குகள் வரம்பு தெரியாமல் இறங்கின.
எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.
எழுத வேண்டியதால் இதையும் எழுதுகிறேன்.

யதுர்சிகா, வயது ஏழு.
திங்கள் தலையிடி.
புதன், தாயை வேறு யாரோ பெயரால் கூப்பிட்டாள்.
வியாழன் வலிப்பு. மல்லாவி, அங்கிருந்து யாழ்ப்பாணம்.
முதுகுத்தண்டில் எடுத்த நீர்
குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்ததாம்.
ஊசி அட்டையில் ஒரு பெட்டி வெறுமை:
அன்று பிள்ளைக்குத் தடிமன், பிறகு வரச் சொன்னார்கள்,
பிறகு என்பது வரவேயில்லை.

முப்பத்தொரு நாளில் வீடு வந்தாள்,
வலது கை மடங்கி, மூன்று சொல்லோடு.
தண்ணி. இல்லை.
மற்றது தாய்க்கும் விளங்காதது.

படிவத்தோடு போனபோது
சுகந்தினி முதலில் கேட்டது: "உது தொத்துமோ?"
பக்கத்து வீட்டார் கிணற்றுக்கு வருவதை விட்டிருந்தார்கள்.
"தொத்தாது அக்கா.
கொக்கிலயிருந்து நுளம்புக்கு, நுளம்பிலயிருந்து பன்றிக்கு,
பன்றியிலயிருந்து திரும்ப நுளம்புக்கு.
மனுசற்றை இரத்தத்தில அது காணாது.
இவளைக் கடிச்ச நுளம்பு வெறுங்கையோடதான் போகும்.
பிள்ளையோட அது முடிஞ்சுபோச்சு."

சொன்ன பிறகுதான்
என் காதில் விழுந்தது.

அவள் படிவத்தைப் பார்த்தபடி இருந்தாள்.
"அப்ப இவளால அதுக்கு
ஒரு பிரயோசனமும் இல்லை."
"இல்லை."
"பிறகேன் வந்தது?"

வயல் எத்தனை மீற்றர், பன்றிக்கூடு எத்தனை மீற்றர்,
வலை உண்டா, கிழிந்ததா.
அதற்கு மட்டும் நிரல் இல்லை.

பால் சேகரிக்கும் இடத்தில் நின்று
தொத்தாது, தொத்தாது என்று
இரண்டு காலை கத்தினேன்.
மூன்றாம் நாள் ஒரு வாளி
அந்தக் கிணற்றில் இறங்கும் சத்தம் கேட்டது.
ஒன்றுதான்.

நாகு சுகந்தினியுடையது என்று சொன்னேனா?
அவளாகத்தான் கேட்டாள், எழுநூறு தருவீங்களோ என்று.
"மாட்டுக்கு வருமோ?"
"வந்தாலும் காட்டாது. அதோடயும் முடியும்."
கயிற்றை என்னிடம் தந்தாள்.

இன்று இருநூற்றுப் பதினாலு.
அதில் நூற்றெண்பதுக்கு
மூக்குக்குழலில் ஒரு வெளிறிய வளையம்,
யாரோ மோதிரம் போட்டுவிட்டது போல.
ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ஐசில் வைத்துக்
கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.
முடிவு அறுவடைக்குப் பிறகு வரும்.

தாயும் மகளும் நாகை அவிழ்க்க வந்தார்கள்.
யதுர்சிகா வலைக்கு வெளியே நின்று
அந்த மூன்றாம் சொல்லைச் சொன்னாள்.

நாகு ஒரு காதை ஆட்டியது.
நுளம்புக்காகவும் இருக்கலாம்.