ஒன்பது வாக்கு

கோர்மன் கிராசிங் தொகுதியை
நெஸ்டர் ப்ரிஸ்டுபா பிடித்தது ஒன்பது வாக்கில்.
மறுநாள் காலை அஞ்சலக வாசலில்
அந்த ஒன்பதாவது ஆள் தான்தான் என்று
நாற்பது பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
முதல் பனி விழுவதற்குள்
இருநூறாகிவிட்டது.
எல்லோருக்கும் அவர் கடன்பட்டிருந்தார்.
ஒருவனுக்குச் சாலையில் சரளை,
ஒருத்திக்கு மகனின் ஓட்டுநர் உரிமம்,
எருது வளர்க்கும் ஹாவ்ரிலியுக்குக்
காரணமே சொல்லாமல் ஒரு மன்னிப்புக் கடிதம்.

அவர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான்.
'தங்கள் கருத்தை அமைச்சரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்' –
இந்த வரிக்கு என் விரல்கள்
என்னைக் கேட்பதே இல்லை.

அரசியலுக்கு முன்
ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் எடை போட்டவர்.
கோதுமை மணியை இரு விரலில் நசுக்கி
ஈரம் பதினான்கரை என்பார்;
கருவி பிறகு அதையே சொல்லும்.
வாக்காளர் கையைக் குலுக்கியதும்
அந்த இரண்டு விரல்கள்தான்.

சட்டமன்றம் ரெஜைனாவில்.
முந்நூறு கிலோமீட்டர், வளைவே இல்லாத சாலை.
தூங்கிவிடாதிருக்கச் சூரியகாந்தி விதை கொறிப்பார்.
இருபத்திரண்டு வருடத் தொலி
அந்த ஃபோர்டின் இருக்கைக்கடியில்.
அவைக்குள் அவர் இடம் பின்வரிசை, தூணுக்குப் பக்கம்.
அவைத்தலைவர் கண்ணில் பட
எழுந்து நின்றால் போதாது,
கொஞ்சம் சாயவும் வேண்டும்.
அமைச்சர் ஆவார் என்று
ஒருமுறை செய்தித்தாளில் வந்தது,
பெயரைத் தப்பாக அச்சடித்து.

இறந்தவர் வீடு எதையும் விட்டதில்லை.
மாதா கோயில் அடித்தளத்தில்
முட்டைக்கோஸ் சுருளைத் தின்றபடி
செத்தவன் எந்தக் கட்சி என்று
நினைவுபடுத்திப் பார்ப்பார். மாற்றுக் கட்சிக்காரன் என்றால்
இரண்டாவது முறையும் வாங்கித் தின்பார்.

பிறகு அந்த மார்ச்.
கஜானா காலி என்றார்கள்.
மூடவேண்டிய மருத்துவமனைகளின் பட்டியலில்
எங்கள் பதினோரு படுக்கையும்.
நள்ளிரவில் ஃபோன் செய்தார்:
'இரண்டு கடிதம் அடிக்கணும்.'
ஒன்று கட்சியிலிருந்து விலகுவதாக,
மற்றது விலகாததற்கு விளக்கம்.
இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
மறுநாள் தூணருகே
கை உயர்ந்தது, கட்சியோடு.
விலகல் கடிதம் மேல்கோட்டின் உள்பையிலேயே கிடந்து
சலவைக்குப் போய்
கூழாக வந்தது.

அடுத்த தேர்தலில் ஆயிரத்து நானூறில் தோற்றார்.
இந்த முறை எவனும்
அதில் ஒருவன் தான் என்று சொல்லவில்லை.
பெயர் எழுதிய பிளைவுட் பலகைகளை
மச்சான் வாங்கிப்போய்க் கன்றுக்குட்டிக் கொட்டகை கட்டினான்.
வடக்குச் சுவரில் 'ப்ரிஸ்', தெற்கில் 'டுபா'.
காற்று இரண்டிற்கும் நடுவே வரும்.

ஜனவரியில் ஸ்டெஃபா குளியலறையில் விழுந்தாள்.
ஆம்புலன்ஸ் வந்தது
தொண்ணூற்றாறு கிலோமீட்டர் பனியைத் தாண்டி.
நேரத்தை எல்லோரும் கணக்குப் போட்டார்கள்,
யாரும் வாய் திறக்கவில்லை.
சமைத்து மட்டும் கொண்டுவந்தார்கள்,
அடியில் பெயர் ஒட்டிய பாத்திரங்களில்.

ஏப்ரலில் சேறு காய்ந்ததும்
கழுவித் துடைத்த பாத்திரங்களோடு புறப்பட்டார்,
வீடு வீடாக,
பழைய வாக்காளர் பட்டியலின் வரிசையில்.
கதவைத் தட்டி, இரண்டடி பின்வாங்கி,
தொப்பியைக் கழற்றி நிற்கும் அதே நிற்பு.

என் வாசலுக்கும் வந்தார், நீலப் பாத்திரத்தோடு.
அந்த முதல் அக்டோபரில்
நான் எதிராளிக்குத்தான் போட்டேன் என்று
அன்றாவது சொல்லியிருக்கலாம்.
கையைப் பிடித்தார்.
இரண்டு விரல்கள் ஒரு நொடி கூடுதலாய் அழுத்தின.

மூடி எங்கோ தொலைந்துவிட்டது என்றார்.
பரவாயில்லை என்றேன்.