வாளவரை, இரண்டு கிலோ

கொழிஞ்சாம்பாறையில் இறங்கி
கள்ளுக்கடைக்குப் பின்னால் போகும் மண்தடத்தில்
மூன்றாவது மூங்கில்வேலி துளசிமணியுடையது.
கோவையிலிருந்து மாதம் ஒருமுறை வருவேன்,
முற்றி உலர்ந்த வாளவரைக்காக.
நெற்றை உலுக்கினால் கிலுகிலுக்கும்.
உடைத்தால் வெள்ளை விதை,
ஓரத்தில் பழுப்பாய் ஒரு தழும்பு.

அரைத்து, உப்புநீரில் ஊறவைத்து,
நாலு டிகிரிக் குளிரில் சுழற்றித் தெளியவைத்தால்
ஒரு புரதம் மிஞ்சும்.
அதற்குச் சர்க்கரைமேல் ஆசை.
கண்ணாடிக் குழாய்க்குள் மணிகளைப்
பற்றிக்கொண்டு நிற்கும். கெஞ்சினால் வராது.
குளுக்கோஸ் தண்ணீர் ஊற்றினால்தான்
பிடியை விட்டு இறங்கும்.

மூளைக்கட்டியின் செல்லுக்கும்
மேலெல்லாம் சர்க்கரை இழைகள்.
என் தட்டில் இருப்பவை ஓர் எலியினுடையவை.
எலி செத்து ஐம்பது வருடம் இருக்கும்,
கட்டி மட்டும் இன்னும் பெருகுகிறது.
திங்களன்று சொட்டு விட்டேன்.
புதனன்று பார்த்தால்
தட்டோடு ஒட்டிக் கிடந்தவை
சுருங்கி, உருண்டு, மிதந்தன.
பக்கத்துத் தட்டில் நல்ல செல்களும் கொஞ்சம் மிதந்தன.
அதைச் சொல்லும்போது மட்டும்
குரல் தானாகத் தாழ்கிறது.
கட்டுரையில் 'சாத்தியம்' என்ற சொல்லை
ஏழு இடத்தில் போட்டிருக்கிறேன்.
கைடு இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னார்.

மூளைக்கென்று ஒரு செக்போஸ்ட் உண்டு.
வேலந்தாவளத்தில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு
கம்பம் தூக்கியபடியே நிற்கிறது,
தக்காளி லாரிகள் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.
மூளைக்கு அந்த உத்தரவு இன்னும் வரவில்லை.
என் புரதம் பதினாறு சக்கர வண்டி.
அங்கே சைக்கிள் போகவே சீட்டு வேண்டும்.

துளசிமணியின் புருஷன் ஆறுச்சாமிக்கு
இடது பக்கம், நெற்றிக்குச் சற்றுப் பின்னால்.
திருச்சூரில் எடுத்தார்கள், எடுக்க முடிந்தவரை.
அதன்பின் தமிழ் வரவில்லை.
லாரி ஓட்டிய நாளில் ஒட்டிக்கொண்ட மலையாளம் மட்டும்
கலையாமல் கிடக்கிறது.
பெண்டாட்டியைச் 'சேச்சி' என்கிறார்.
முதலில் அழுதாளாம். இப்போது
'எந்தா' என்று திரும்புகிறாள்.

இன்று விதையை நிறுத்துப் போட்டவள்
காசை வாங்கவில்லை.
பையின் வாயை முடிந்தபடி கேட்டாள்:
"இவருக்கு எத்தனை வேகவெச்சுக் குடுக்கோணும்?"

கொடுக்கக் கூடாது என்றேன்.
வெந்தால் அந்தப் புரதம் குலைந்துவிடும், மிஞ்சுவது வெறும் பயறு.
வேகாவிட்டால் வயிற்றைப் புண்ணாக்கும்,
தலைவரைக்கும் போகாது.
"அப்பறம் என்னத்துக்குங்க
வந்து வந்து வாங்கிட்டுப் போறீங்க?"

விரல்களை மடக்கிக் காட்டினேன்.
சுண்டெலி, அடுத்துப் பெரிய எலி,
அனுமதி, பணம், மறுபடி அனுமதி,
பிறகு எங்கோ நாலு மனிதர்கள்.
எந்த விரலிலும் நின்றுபோகலாம்.
நின்றுபோனவைதான் அதிகம்.

அவள் வருடத்தைக் கேட்கவில்லை.
"எத்தனை வெள்ளாமை?" என்றாள்.
ஆடியில் ஊன்றித் தையில் பறிப்பது ஒன்று.
பன்னிரண்டு இருக்கும், பதினைந்தும் ஆகலாம்.

ஆறுச்சாமி கட்டிலிலிருந்து கைநீட்டி
சிதறிக் கிடந்த ஒரு விதையை எடுத்தார்.
வாயைத் திறந்தார். வெகுநேரம் தேடினார்.
"வாளரிங்ங."
"அதேதான்" என்றாள்.

பிறகு வேலிப்பக்கம் திரும்பி,
என்னிடம் சொன்னாளோ, தனக்கேதானோ:
"மூங்கில் அத்தனை நாளைக்குத் தாங்காது.
கல்லுக்கால் நடோணும்."